வெள்ளிக்கிழமை வரும் அம்மா

அடுத்தவர் பேச்சை வாயில் சுமந்து திரியும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், நான் பட்ட பாடு புரியும். எழுபதுகளின் கடைசியில், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த எல்சா என்ற வெள்ளைக்காரப் பெண்மணிக்கு நான் மொழிபெயர்ப்பாளன். தம் ஊரில் நூலகத்தில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமைதோறும் தர்மாஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைத்தியம் ஒன்றும் தெரியாது.

நீட்டிய நாக்கு

பெண்கள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். மிச்சப் பேர் தரையில். முதல் நாள் ஓர் அம்மாளிடம், எப்படி இருக்கிறீர்கள் என்று எல்சா கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் நாக்கை நீட்டினாள். பக்கத்தில் படுத்திருந்தவள் கண் இமையை இழுத்துக் காட்டினாள். இந்தப் பக்கம் முன்பு வைத்தியம் பார்த்த வெள்ளைக்காரர்கள் உண்டு. அதனால் இவரும் டாக்டர் என்று முடிவாகிவிட்டது. இவர் டாக்டர் இல்லை, சும்மா பார்க்க வந்தவர் என்று தொண்டை வற்றச் சொன்னேன். நாக்கை நீட்டியவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“பாத்துட்டுப் போறதுல அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நடுவுல உனக்கு இன்னாப்பா?”

மாத்திரை

அங்கே பாதி நாள் மருந்து இருக்காது. இருந்தாலும் நர்ஸ் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எல்சா கொடுத்தால்தான் வாயில் போடுவார்கள். இது தப்பு, இதை நிறுத்த வேண்டும் என்று எல்சா ஒரு நாள் பிடிவாதமாக நின்றார். அதை நர்ஸிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக வார்டைப் பார்த்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“அந்தம்மாவே குடுக்கட்டும் சார். நான் குடுத்தா தலமாட்டு மூட்டைக்குள்ளதான் போவுது.”

வேலூர்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் ஏழுமலை, தன் மனைவி முனியம்மாளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வயிற்றுக்குள் சீழ் கட்டிவிட்டது, இங்கே அறுக்க வசதியில்லை, இன்றைக்கே வேலூருக்குக் கொண்டு போ என்று டாக்டர் சொன்னது செவ்வாய்க்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமை போனபோது முனியம்மாள் அதே இடத்தில் கிடந்தாள். எல்சா வருகிற நாள் என்று அவளுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்திருந்தார் ஏழுமலை. ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டேன்.

“அங்க யாரு கையில மாட்டுமோ. அம்மா வர்ற வரைக்கும் தாங்கிடும்னு இருந்தேன் சார்.”

இதை எல்சாவுக்கு எப்படிச் சொன்னேனோ, சொன்னேன். அவர் அப்போதே கிளம்பச் சொன்னார். டாக்ஸி பிடித்து நாங்களும் ஏறிக்கொண்டோம். போளூர் தாண்டுவதற்குள் முனியம்மாளின் உயிர் போய்விட்டது, எல்சாவின் கைக்குள் அவள் கை இருக்கும்போதே. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம், டாக்டர்மேல் கோபம், ஆறுதல் சொல்லப் போன எங்கள்மேல் அதைவிடக் கோபம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, எல்சா தேம்பித் தேம்பி அழுதார். ஏழுமலை தன் துண்டால் மனைவியின் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க சார். அவ்ளோ பெரிய டாக்டரு கூடவே வந்தாங்க. எங்க சனத்துல யாருக்குக் கெடைக்கும் இது?”

டாக்டர் போதாத ஊரில், ‘இவர் டாக்டர் இல்லை’ என்று சொல்பவன் பேச்சை யார் கேட்பார்கள், சொல்லுங்கள்.