ஐஸ் பெட்டிக்காரர்

விடிந்ததும் நல்லமுத்து சாமி கும்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஐஸ் பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்துத் திரியைப் பார்க்கிறார். சுடர் நீலமாக இருந்தால் முகம் மலர்கிறது. மஞ்சள் தட்டினால் அன்றைக்கு எதிரில் வருகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

கொல்லிமலைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் சுவிட்சைத் தட்டினால் நடக்கிற காரியத்துக்கு இங்கே சீமெண்ணெய் வேண்டும். திரி எரிந்தால்தான் பெட்டி குளிரும். குளிர்ந்தால்தான் உள்ளே இருக்கும் பாம்புக்கடி மருந்து கெடாது. நெருப்பு வைத்துக் குளிர வைக்கிற இந்த வித்தை டாக்டருக்கே பிடிபடவில்லை என்று நல்லமுத்து அடித்துச் சொல்வார். "எனக்கும் வெளங்கலீங்க. ஆனா அதுக்கு என்னையத் தெரியுமுங்க."

பேருக்குத்தான் பியூன், தோரணை டாக்டருக்கும் மேலே. மோரைக் குளிர வைக்கச் சொம்போடு வந்த பஞ்சாயத்துத் தலைவரையே வாசலோடு திருப்பி அனுப்பியவர். புருஷன் ஆஸ்பத்திரியில் இன்னொருத்தியைக் கட்டியிருப்பதாக மனைவி இருசாயி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. பாதை சரிந்து, கீழேயிருந்து சீமெண்ணெய் டின் ஏறவில்லை. மிச்சமிருந்தது பொழுது சாயும் வரைதான் தாங்கும். திரி அணைந்தால் மருந்து பாழ். பொந்துகளில் தண்ணீர் புகுந்து, பாம்புகளோ வீடுகளுக்குள் ஏறத் தொடங்கியிருந்தன. நல்லமுத்து முதலில் தன் வீட்டு விளக்கைப் பாட்டிலில் கவிழ்த்தார். பிறகு நனைந்துகொண்டே வீடு வீடாகப் போனார். ஊர் முணுமுணுத்தது, ஆனாலும் ஆழாக்கு, அரை ஆழாக்கு என்று கொடுத்தது.

கடைசி வீட்டில் ராசம்மாள். மலையிலேயே வேறொரு பகுதியான வளப்பூர் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சந்தைக்கு இறங்கிய புருஷன் மழையில் கீழேயே மாட்டிக்கொண்டான். பாவம், விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இருட்டுல தனியா எப்படி மாமா இருப்பேனுங்க? அந்தப் பொட்டிய நம்பி இந்த மலையில யாரு பொழச்சிருக்காங்க?"

"எங்க ஊட்டுல இருசாயி கூட வந்து படுத்துக்க கண்ணு" என்றார் நல்லமுத்து. அவள் அசையவில்லை.

பாட்டிலைக் கீழே வைத்தார். ஈர வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, கெண்டைக்காலை அவள் பக்கம் திருப்பினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுத்த தழும்புகள், கேழ்வரகு மணி அளவில்.

ராசம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு விளக்கின் மூடியைத் திருகினாள்.