புண்ணியத்துக்குப் போன வெட்டிவேர்

அடி அண்ணாமலையில எங்க அடுப்படிச் சுவருக்குப் பின்னால கொஞ்சம் மண்ணு, அதைத் தாண்டினா மலையிலேர்ந்து இறங்குற ஓடை. தொண்ணூறுகள்ல ஐப்பசி மழைக்கு மழை கரை இடிஞ்சு, பதினஞ்சடி இருந்த மண்ணு எட்டடியாச்சு. கருங்கல் கட்டிடலாம்னு எங்க வீட்டுக்காரர் வருஷம் தவறாம சொல்வார். சொல்றதுல அவரை மிஞ்ச ஆளே கிடையாது. கல்லு மட்டும் வரல.

எனக்குப் பொறுக்கல. கீழ்பென்னாத்தூர்ல என் தம்பி வரப்பு ஓரமா வெட்டிவேர் வெச்சிருந்தான். ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தேன். இதுக்கு விதையெல்லாம் கிடையாது, தூரைப் பிரிச்சுத்தான் நடணும். மூணு மூணு தண்டா பிரிச்சு, தோகையை ஒரு சாணுக்கும் வேரை நாலு விரக்கடைக்கும் நறுக்கி, தண்ணி ஓடுற போக்குக்குக் குறுக்கே, அரைச் சாணுக்கு ஒண்ணுனு ஆடி மழையில நட்டேன். நடுவுல இடைவெளி விட்டா தண்ணி அந்த வழியா பூந்துடும். ஒரு மாசம் குடத்துல தூக்கி ஊத்தினேன்.

"ஏம்மா, தண்ணியைப் போய் புல்லு நிறுத்துமா?"னு பேப்பரைக்கூட மடக்காம கேட்டார்.

நிறுத்துச்சு. வருஷத்துக்கு ரெண்டு வாட்டி முழங்கால் உயரத்துக்குத் தோகையை அறுத்தேன், தூர் தூரா பெருத்து வேலி மாதிரி அடைச்சுடுச்சு. மூணு மழைக்கு ஒரு கை மண்ணு போகல. அதுக்கப்புறம் வர்றவங்ககிட்ட எல்லாம், "நாங்க வெச்ச புல்லு"னு சொல்ல ஆரம்பிச்சார். குடம் தூக்கின இடுப்பு என்னோடது!

அப்போதான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஜனம் ஜாஸ்தியாச்சு. சித்ரா பௌர்ணமிக்கு எங்க வாசல்ல தண்ணிப் பந்தல் போடறேன்னு கிளம்பினார். நல்ல காரியம், யார் வேணாம்னது? தம்பி பொண்ணுக்குச் சடங்குனு நான் ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்தா வாசல்ல ஒரே கூட்டம். பானைத் தண்ணி கமகமங்குது. ஒரு அம்மா இவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "புண்ணியவான்பா நீ"ங்குது. இவர் கண்ணை மூடி அதை வாங்கிக்கிறார். நானும் ஒரு டம்ளர் குடிச்சேன். சொல்லக்கூடாதுதான், நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது டம்ளர்லதான் அது வெட்டிவேர் வாசனைனு உறைச்சுது. பின்னால ஓடினேன்.

ஒரு தூர் முழுசா இல்ல. கரை நெடுக குழி.

"வேரை மட்டும்தான் எடுத்தேன், புல்லைத் திரும்ப நட்டுட்டேனே"ன்னார். அடப்பாவி மனுஷா! வேரை மொட்டையா வழிச்சுட்டு, அக்னி நட்சத்திர வெயில்ல, குழிக்குள்ள புல்லைச் சொருகி வெச்சிருக்கார். பத்தே நாள்ல அடுப்பு எரிக்கத்தான் ஆச்சு. அதுக்கப்புறம் தம்பிகிட்ட போனேன், வெயில்ல அவன் வரப்பும் காஞ்சு கிடந்தது, கொடுக்க நாத்து இல்ல.

ஐப்பசி வந்தது. ஒரு காலையில குழம்புக்குத் தாளிச்சிட்டு இருக்கேன், பின்னால தடதடனு சத்தம். வெளியே ஓடி வந்து திரும்பிப் பார்த்தா மிச்சமிருந்த எட்டடி மண்ணும் இல்ல, அடுப்படிச் சுவர் பாதியும் இல்ல. குழம்புச் சட்டியோட ஓடையில போயிடுச்சு.

இவர் வந்தார். இடிஞ்ச சுவர் வழியா எட்டிப் பார்த்தார். மழைக்கு நடுவுல மலை பளிச்சுனு தெரிஞ்சது. கன்னத்துல போட்டுக்கிட்டு, "பார்த்தியா, இனிமே அடுப்படியிலேர்ந்தே தரிசனம்"ன்னார்.

"அதையே சாப்பிட்டுக்கோங்க"னு சொல்லிட்டுத் தம்பி ஊருக்குப் பஸ் ஏறிட்டேன்.

பதினோரு நாள் கழிச்சு அழைக்க வந்தார். கையெல்லாம் கொப்புளம். எங்கேயோ தேடி நாத்து வாங்கி அவரே நட்டிருந்தார், அரைச் சாணுக்கு ஒண்ணா, வரிசை பிசகாம. இப்பவும் பந்தல் போடறார், வெட்டிவேரைக் கடையிலதான் வாங்கறார். புல்லு ஆள் உயரம் வளர்ந்துடுச்சு. அடுப்படியில ஓடையோட போன அஞ்சடி மட்டும் வரல. மிச்சத்தை அந்த அளவுக்குக் குறுக்கிக் கட்டி, நான் அதுக்குள்ளதான் நின்னு சமைக்கிறேன்.