பட்டை, கிராம்பு, ஒரு குளியல்

மட்டாஞ்சேரியில் நான் வேலைக்கு நிற்கும் மசாலாக் கடைக்கு இன்று காலையில் ஒரு பெண் வந்தாள். பட்டை, கிராம்பு, கல்லுப்பு கேட்டாள். கடையிலிருந்த காய்ந்த ரோஜா இதழ் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டாள்.

"வீட்ல என்ன விசேஷம் மோளே?" என்றேன்.

"குளிக்கத்தான் சேச்சி. டப்புல வெந்நீர் நிறைச்சு, இதெல்லாம் போட்டு, ஒரு மணிக்கூர் அப்படியே கிடப்பேன்."

ஒரு மணி நேரம்!

சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினேன். வயிறு பற்றி எரிந்தது. எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே குளியலறை. பத்து நிமிஷம் ஆனால் கதவு உடையும்.

விடுவேனா? சாயங்காலம் நானும் பட்டை, கிராம்பு, கல்லுப்பு வாங்கி வந்தேன். ரோஜாவைத்தான் அவள் மிச்சம் வைக்கவில்லையே. எல்லாவற்றையும் அண்டாவில் கொதிக்கவிட்டு, பக்கெட்டில் விளாவி, உள்ளே போய்த் தாழ் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தோளில் முதல் கப் ஊற்றினேன். சும்மா சொல்லக்கூடாது, சுகம்.

மூன்றாவது கப்பில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு சுபைதா.

"அக்கா, உள்ள என்ன பிரியாணியா வைக்கிறீங்க?"

அவளுக்குப் பின்னாலிருந்து அவள் மாமியார் குரல்: "இறைச்சி வெந்துச்சான்னு கேளுடி!"

வெளியே வந்தால், வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னை மோந்து பார்த்தார்கள். காலையில் வந்த அந்தப் பெண் அப்போதும் டப்பில்தான் கிடந்திருப்பாள்.

யாரும் கதவைத் தட்டாமல் நீங்கள் எவ்வளவு நேரம் குளிப்பீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் என்று எழுதுபவர்களை பிளாக் செய்துவிடுவேன்.