திருத்தங்கலில் அச்சான போர்க்கப்பல்

காலை 8.40. விருதுநகர் பழைய பேருந்து நிலையம். "இந்தா எடுத்தாச்சு" என்று நடத்துநர் சொல்லி இருபது நிமிடம் ஆகியும் சிவகாசி வண்டி நகரவில்லை. ஓட்டுநர் கீழே வடை தின்றுகொண்டிருந்தார். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஓடும் இயந்திரத்தை நிறுத்தத்தான் இந்தப் பயணம்.

என் மகன் கொல்கத்தாவில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் ஃபிட்டர். கரையோரத்து ஆழமில்லாக் கடலில் ஒளிந்து வரும் நீர்மூழ்கிகளைத் தேடி அழிக்கும் போர்க்கப்பல்களை அங்கே கட்டுகிறார்கள். அப்படி ஒரு கப்பலின் முன்தளத்தில், ராக்கெட் ஏவும் கருவிக்குப் பக்கத்தில் நின்று, எடுக்கவே கூடாத படம் ஒன்றை எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அவள் பெருமை தாங்காமல் தன் தம்பிக்கு அனுப்பினாள். சூலக்கரையில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் அந்த மைத்துனன், யாரையும் கேட்காமல், கடைக் காலண்டருக்கு அதையே கொடுத்துவிட்டான். எண்ணூறு பிரதி! நேற்று விஷயம் தெரிந்ததும், எப்படியாவது நிறுத்தச் சொல்லி மகன் போனில் கெஞ்சினான். படம் வெளியே வந்தால் வேலை போய்விடும்.

அச்சகத்துக்குப் பதினோரு முறை போன் செய்தேன். சீசனில் எடுத்தால் ஆர்டர் கொடுத்தவர்கள் திட்டுவார்கள் என்று அங்கே எவரும் எடுப்பதில்லையாம்.

8.55க்கு வண்டி புறப்பட்டது. இருபத்திரண்டு கிலோமீட்டர். குற்றவாளி மைத்துனன் என் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து காற்று வாங்கினான்.

"கோவிச்சுக்கிடாதீக மச்சான். நம்ம பய கப்பல் கட்டுறது ஊருக்குத் தெரிய வேணாமா?"

"எதிரிக்கும் தெரியணுமா மாப்ளே?"

"எதிரி நம்ம கடைக்கா வந்து காலண்டர் கேக்கப் போறான்?"

முன் இருக்கையில் இருந்த தீப்பெட்டி ஆலைப் பெண் திரும்பினாள். "அவன் கேட்டாக் குடுத்துருவீக. நாங்க கேட்டாத்தான் தீந்துபோச்சும்பீக."

பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமத்தூரில் அட்டைக் கட்டுகள் ஏற்ற ஒன்பது நிமிடம் நிறுத்தினார்கள்.

9.50. அச்சகத்தில் இயந்திரம் நின்றிருந்தது.

"அம்புட்டும் முடிஞ்சுபோச்சுய்யா" என்றார் மேலாளர், பெருமையாக. ஒரு தாளை உருவி என் கையில் கொடுத்தார்.

நீல வானம். பின்னால் பனிமலை. தண்ணீரில் இரண்டு அன்னங்கள். நடுவே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கப்பல், மூன்று புகைபோக்கிகளிலும் கரும்புகை. ராக்கெட் கருவி இருந்த இடத்தில் கோட்டை வாசலில் வைப்பது போன்ற பீரங்கி. அதன்மேல் கை வைத்து, தொப்பியும் முறுக்கு மீசையுமாக, செக்கச்சிவந்த ஒருவர்.

"யாரம்மா இதைச் செய்தது?"

கணினி முன்னிருந்த பெண் எழுந்தாள். "நாந்தாய்யா. கப்பல் சாம்பக் கலர்ல இருந்துச்சு. அத எவுக வீட்டுல மாட்டுவாக? அங்கன குளாக் குளாயா என்னமோ அசிங்கமா நின்னுச்சு. அழிச்சுட்டுப் பீரங்கி வச்சேன். அந்தத் தம்பியும் ஒல்லியா இருந்தாரு…"

சத்தமில்லாமல் போய் நீர்மூழ்கியை வேட்டையாட வேண்டிய கப்பல், மூன்று குழாயில் புகை விடுகிறது! திட்ட வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். மூலப்படத்தை மட்டும் என் கண்ணெதிரே கணினியிலிருந்து அழிக்கச் சொன்னேன். அழித்தாள். காலண்டரைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "யாருப்பா இது?"

"பாத்தீகளா மச்சான், நாஞ் செஞ்சது நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு" என்றான் மைத்துனன். கூட இருநூறு பிரதி கேட்கலாமா என்று யோசனை வேறு.

11.20 வண்டியில் திரும்பினோம். காலண்டர் கட்டுகளில் ஒன்று என் மடியில் கனத்தது. கொல்கத்தாவில் என் பிள்ளை ஆறு வருடமாக முடுக்கிய திருகுகளில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. நேற்று பார்த்த ஒரே படத்தையும் எல்லார் போனிலிருந்தும் நானே அழித்தாயிற்று. வீட்டுக் கூடத்தில் அவன் வேலை என்று ஏதாவது மாட்ட வேண்டுமானால், இனி இந்த அன்னங்களும் மீசைக்காரரும்தான். மைத்துனன் போனில் சொல்லிவிட்டான்; ஆணி அடிக்க இப்போதே இடம் தேடிக்கொண்டிருக்கிறாளாம் என் மனைவி.