அவள் எழுப்பிவைத்த வண்டி

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. இந்தக் காலத்து வண்டிகளைப் போல சாவியைத் திருப்பியதும் தானாக எழுந்துகொள்ளாது. காலையில் சோக்கை இழுத்து, பதமாக மிதித்து எழுப்ப வேண்டும். போர்ட் கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. "பதினோரு வருசம்லா, ஒரு நாள்கூட காலையில மக்கர் பண்ணினதில்ல" என்பேன். பொய் இல்லை. நான் குளித்து, சாமி கும்பிட்டு வெளியே வரும்போது வண்டி ஓடிக்கொண்டு நிற்கும். "வண்டி சூடாயிடுச்சிங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி கேட்டைத் திறப்பாள். சாவியைத் திருப்புவது என்ன பெரிய வேலை என்று நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்கடுத்த நாளும் ஆகவில்லை. வண்டியை அப்படியே போட்டுவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகளின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். தன் காரிலேயே அழைத்து வருவதாக மகள் சொன்னாள். "வேணாம். உங்கம்மா நம்ம வண்டியிலதான் வீட்டுக்கு வரணும்" என்றேன். அந்த வண்டி அவளுக்கு உயிர் என்று நம்பியிருந்தேன். அதில் பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்பினால் அவளுக்குப் பாதி குணமாகிவிடும் என்றுகூடத் தோன்றியது.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. லீவு போட்டுவிட்டு வண்டியோடு மல்லுக்கட்டினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். சோக் கேபிளை மாற்றினேன். புது பேட்டரி போட்டேன். மத்தியானம் வரை விட்டுவிட்டுச் சுழற்றினால் ஒருவழியாகப் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். விடிந்தால் மறுபடியும் பழைய கதை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டயரை உதைத்து, கால் வீங்கியதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சுங்கை வேயிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். பழைய வண்டிகள் பார்ப்பவர். கால் மணி நேரத்தில் நிமிர்ந்தார்.

"அங்கிள், பெட்ரோல் பம்ப் வால்வு போச்சு. ராத்திரி லைன்ல இருக்கிற பெட்ரோல் எல்லாம் டேங்குக்கே திரும்பிப் போயிடுது. காலையில கார்புரேட்டருக்கு ஏற ஒண்ணும் இல்ல."

"மூணு வாரத்துக்கு முந்தி வரைக்கும் நல்லா இருந்துச்சே."

"இல்ல அங்கிள், இது பல வருசத் தேய்மானம். கையால பம்ப் அடிக்க இங்க ஒரு லீவர் இருக்கு பாருங்க. சுத்தி எல்லாம் எண்ணெய் அழுக்கு, இது மட்டும் பளபளன்னு இருக்கு. யாரோ தினம் பானெட்டைத் தூக்கி அடிச்சிருக்காங்க."

"என்னைத் தவிர இந்த வண்டிய யாரும் தொட்டதில்ல" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் யார் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"பதினோரு வருசத்துக்கு முந்தி ஒரு தடவ ஹைவேயில நின்னுச்சேப்பா, அப்ப நீங்க வந்த மெக்கானிக்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. அவர் கையால பம்ப் அடிச்சத அம்மா பார்த்து வச்சிக்கிட்டாங்க. நீங்க குளிக்கிற நேரத்துல செய்வாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. எம்மேல இவ்வளவு பிரியமா..."

"பிரியம் இல்லப்பா. பயம். காலையில வண்டி எடுக்கலன்னா அன்னிக்கு வீட்டுல யாரும் மூச்சு விட முடியாது. அதுக்கு முந்தி அப்படி ஒரு நாள் தட்டைத் தூக்கி வீசினீங்களே, ஞாபகம் இல்லயா?"

ஞாபகம் இருந்தது. தட்டில் தோசை இருந்தது. என் மனைவிதான் குனிந்து பொறுக்கினாள், நான் லோரிக்காரனைப் போல ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் மகள் சொன்னதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பயந்துகொண்டு யாராவது பதினோரு வருடம் ஒரு வேலையைச் செய்வார்களா? மனைவியின் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவளுக்குப் பேச்சு இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மெக்கானிக் அன்றே புது பம்ப் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை முதல் திருப்பலிலேயே வண்டி எழுந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து, படிவம் எல்லாம் முடிய மத்தியானமாகிவிட்டது. நானும் மகளும் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தோம். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சாவியைத் திருப்பப் போகும்போது மனைவியைப் பார்த்தேன். இடது கை கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தது. அசையக்கூடிய ஒரு தோளும் குறுகிப் போயிருந்தது. அவள் கண்கள் என் முகத்தின் மேல் இருந்தன. "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரி பண்ணியாச்சு" என்றேன். என் குரலைக் கேட்டதும் பிடி இன்னும் இறுகியது.

வண்டி உடனே பிடித்தது. இன்ஜின் சீராக ஓடியது. அவள் பார்வையை எடுக்கவில்லை. வெட்கத்தில் எனக்கு ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

பின்சீட்டிலிருந்து மகள் முன்னால் சாய்ந்து, அவள் தோளைத் தொட்டு, "அம்மா, ஸ்டார்ட் ஆயிடுச்சும்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.