மாமாவின் கால் கயிறு

கொசு எங்கே கடித்தாலும் என் கை முதலில் கணுக்காலுக்குத்தான் போகும். கழுத்தில் கடித்தால்கூட அப்படித்தான். ஈப்போ நகரத்துச் சிலிபினில் இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் என் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் என்னைப்போல ஒரு காலுக்குக் காவல் இருந்தவர்கள் இல்லை.

அப்போது நாங்கள் செமோருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் இருந்தோம். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகளில் ஒரே ஒரு வரிசை மட்டும் மிச்சம். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே ஈப்போ தொழிற்சாலைக்கு பஸ் ஏறிவிடுவார்கள். என்னைப் பார்த்துக்கொண்டது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். அவர்தான் மாமா. நிலையான வேலை எதுவும் அவருக்குக் கிடையாது, ஆனால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவரால்தான் இருக்கும்.

பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் வெளியே வரமாட்டார். தரையைக் கூட்டுகிற அளவுக்கு நீளமாகச் சாரோங் கட்டுவார். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அடிக்கடி காய்ச்சல் வந்து படுத்துவிடுவார். கேட்டால், வாதம் என்று அம்மா சொல்வார். சாரோங்கை நீளமாகக் கட்ட வேண்டிய ஒரு நோய்க்குப் பெயர்தான் வாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு வேன் வந்தது. கொசுக்களை ஆராய்கிறவர்களாம். அந்தக் காலத்தில் பால்வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன ஆயாக்கொட்டகை, பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, மேசை போட்டு, பூதக்கண்ணாடிப் பெட்டிகளை வைத்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு மலாய்க்கார டாக்டர். நாங்கள் எல்லோரும் அவரை மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிட்டோம்.

லயத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் வளர்கிற கொசு, ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்கு ஒரு புழுவைக் கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் புவான். அதற்குப் பொழுது சாய்கிற நேரத்தில் யாராவது முழங்கால்வரை சிலுவாரைச் சுருட்டிக்கொண்டு வாசலில் உட்கார வேண்டும். காலில் கொசு வந்து உட்கார்ந்ததும், கடிப்பதற்குள், கண்ணாடிக் குழாயால் அதை மூடிப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமா சிலுவாரைச் சுருட்டினார்.

“கொசுவுக்குக் காலக் காட்டுறதெல்லாம் ஒரு வேலையா மச்சான்? அதுல முடிதான் இருக்கு, ரத்தம் எங்கலா இருக்கு?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

“நான் ஒக்காந்து மட்டும் பாருலா. கல்யாண வூட்டுக்கு வர்ற மாதிரி சொந்தபந்தத்தோட வரும்” என்றார் மாமா.

வீட்டுக்குள் பெரியம்மா அவரை விடவில்லை. இத்தனை ஆம்பளைகள் இருக்கும்போது உனக்கு மட்டும் என்ன வந்தது என்று திட்டித் தீர்த்தார். மாமா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. “யாராச்சும் ஒக்காரணும்லக்கா” என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் புவான் எங்களைப் போன்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். மாமா பிடித்த கொசு ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். அதற்குள் வெள்ளையாக, நூல் மாதிரி ஏதோ நெளிந்தது. இது உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேன் ஓட்டுகிறவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது. முகமே இல்லாமல் வெறும் கால். தூண்போல வீங்கி, தோல் மரப்பட்டையாகிப்போன கால். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து என் வேலை தொடங்கியது. மாமாவின் கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு உண்டு. கண் படாமலிருக்கப் பெரியம்மா கட்டிவிட்டது. காலையில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மெதுவாகப் போய்க் கயிற்றுக்குள் என் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பேன். விரல் போனால் கால் வீங்கவில்லை. அதற்குப் பிறகுதான் என்னால் பசியாற முடியும்.

புவானை மாமா ஒருதரம் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார். சமையல்கட்டு வாசலில் இருவரும் நின்றார்கள். பெரியம்மா அறையை விட்டு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றார், நானும் வெளியே போய் மலாயில் அப்படியே சொன்னேன். புவான் தலையாட்டிவிட்டுப் போனார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று மாமா கதவுக்கு வெளியே நின்று சொன்னதும், உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது:

“எதுக்குடா? படம் புடிச்சி செவுத்துல ஒட்டவா?”

மாமா கதவை விட்டு நகர்ந்தார். சாயங்காலம் வழக்கம்போல முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அந்தக் கொசுவின் குஞ்சுகள் தண்ணீருக்கு மேலே வராமல், ஆகாயத்தாமரை வேரைக் கவ்விக்கொண்டு அங்கேயே மூச்சு விடுமாம். வேரோடு செடிகள் வேண்டும் என்று புவான் கேட்க, மாமா ஒரு மத்தியானம் முழுக்கச் சதுப்பில் இறங்கிப் பறித்தார். மறுநாள் காலையில் என் சுண்டுவிரல் கயிற்றுக்குள் போகவில்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. மாமா புரண்டு படுத்தார். நான் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சொன்னால் நிஜமாகிவிடும், சொல்லாவிட்டால் இன்னும் வீங்கும். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தபோதே மாமா எழுந்து, செடிவாளியோடு ஆயாக்கொட்டகைக்குப் போய்விட்டார். கோப்பி ஆறிப்போகிறது, ஏன் குடிக்கவில்லை என்று பெரியம்மா கேட்டதும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

“மாமா கால் வீங்கிருச்சி பெரியம்மா. அந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஆவப் போவுது.”

பெரியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார். அடுத்த நிமிடம் அவர் வெளியே இருந்தார். பட்டப்பகலில், மழை பெய்த சேற்றில், சாரோங்கை இரண்டு கையாலும் முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழாயடியில் நின்ற பெண்கள் வாளி நிரம்பி வழிவதைக்கூட மறந்து பார்த்தார்கள். பின்னால் ஓடிய நானும் அந்தக் காலைப் பார்த்தேன். சுவரில் இருந்த அதே கால். மாமாவைக் கடித்த கொசு பெரியம்மாவையும் கடித்துவிட்டது, மாமாவைவிட இவருக்கு வேகமாக வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

“என் தம்பி காலப் பாருங்க. மொதல்ல அவன் காலப் பாருங்க” என்று பெரியம்மா வாசலில் நின்று மூச்சு வாங்கினார். புவானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உடனே குனிந்து மாமாவின் காலைத் தொட்டு, அழுத்தி, திருப்பிப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி என் கையில் கொடுத்தார். கால் வீங்கவில்லை, சதுப்புத் தண்ணீரில் ஊறிய கயிறுதான் முறுக்கேறிச் சுருங்கியிருக்கிறது என்று மலாயில் விளக்கினார். வேன்காரர் சிரித்தார். அதற்குள் எட்டிப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. அவர் தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சாரோங்கைக் கீழே விட மறந்திருந்தார். மெல்ல மெல்ல எல்லோருடைய சிரிப்பும் நின்றது.

மாமா தினமும் கொசுவுக்காக உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டார். “ஒக்காருக்கா” என்றார். பெரியம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் தோன்றியது. ஆனால் உட்கார்ந்தார். புவான் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு தலையசைப்பில் அனுமதி கேட்டு, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சேற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். விரலிடுக்குகளில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றினார். தினமும் இப்படிச் செய்ய வேண்டும், காய்ச்சல் குறையும், மாத்திரையும் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்தார். பெரியம்மா கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் கால் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆனால் காய்ச்சல் வருவது நின்றது. பின்னாளில் பெரியம்மா பகலிலேயே கோயிலுக்குப் போனார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெட்டிய கயிற்றைக் கொடுக்க மாமாவைத் தேடிப் போனேன். கொட்டகைக்குப் பின்னால், வாளிப் பக்கத்தில் குந்தி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

“கயித்த வெட்டிட்டாங்கன்னுதானா மாமா அழுவுறீங்க?”

“ஆமா பாப்பா” என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “கயித்துக்குத்தான்.”

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். பெரியம்மாவிடம் சொல்லி வேறு கயிறு கட்டச் சொல்கிறேன், இந்தத் தடவை கொஞ்சம் தளர்த்தியாகவே கட்டச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம் என்று தேற்றினேன்.