பூஜை போட்ட விமானம்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கொல்கத்தாவில் சொந்த விமானம் வைத்திருக்கும் தமிழர்கள் யார் யார் என்று விசாரித்துப் பாருங்கள். என் பெயருக்கு அடுத்த பெயரைத் தேடிக் களைத்துப்போவீர்கள்.

ஹவுராவில் ஒரு லாரிப் பட்டறையில் வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். அடி வாங்கித்தான் தொழில் படித்தேன், பிறகு அடி கொடுத்துத் தொழில் செய்தேன். அந்தப் பட்டறை வீதியில் வாயால் பேசியவன் எவனும் முன்னுக்கு வரவில்லை. இப்போது அதே வீதியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒயர் கட்டு தயாரிக்கும் தொழிற்சாலை எனக்கு இருக்கிறது. வீடு அலிப்பூரில். விமானம் பெஹாலா விமானத் திடலில், தகரக் கொட்டகைக்குள்.

ஒரு தேயிலைத் தோட்டக்காரரிடமிருந்து அதை வாங்கினேன். நாலு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின், தலைக்கு மேல் இறக்கை. என் மூத்த மகளை விட வயதானது. எனக்கு ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. ஓட்டுவதற்கு ஒரு கேப்டனை வைத்திருந்தேன். பெரிய பயணிகள் விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்ற வங்காளி, ஒல்லியான மனிதர், கோபமே வராது. நான் அவரைக் கேப்டன் என்பேன், அவர் என்னை தாதா, அதாவது அண்ணா, என்பார். பாதி வங்காளம், பாதி இந்தி, அதுதான் எங்கள் பாஷை.

விமானத்தின் ரேடியோ கழுத்து நெரித்த கோழி மாதிரிக் கத்தியது. நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று காட்டும் டயல் குடிகாரனைப் போல ஒரு பக்கமாகத் தலை தொங்கியது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு லைசென்ஸ் உள்ள ஆள்தான் கை வைக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பலாம். அப்படி ஒருவர் சால்ட் லேக்கில் குடியிருந்தார், கோயமுத்தூர்க்காரர். விமானத்து ரேடியோ, கருவி, ஒயர் எல்லாம் அவர் கைவசம். அந்தத் தொழிலுக்கு ஏவியானிக்ஸ் என்று பெயர். நான் அவரை இன்ஜினியர் என்றே கூப்பிட்டேன்.

முன் பலகையைக் கழற்றினோம். உள்ளே கண்ட காட்சியில் எனக்கு ரத்தம் கொதித்தது. எலி கடித்த ஒயர், தொட்டால் உதிரும் உறை, ஒட்டுமேல் ஒட்டு. எவனோ சணல் கயிறு வைத்துக் கட்டியிருந்தான். நான் இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"ஏனுங்க அண்ணாச்சி! இது லாரி இல்லீங்க!" என்று இன்ஜினியர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "அந்தக் கட்டுக்குள்ள திருப்புற கம்பியும் போகுது. இழுத்தீங்கன்னா மேல போயி திருப்ப ஒண்ணும் இருக்காதுங்க."

"கையை எடுவே. முப்பது வருசமா ஒயர்லயே பொறண்டவன் நான்."

"பொறண்டா போதுங்களா? படிக்கோணும்ல?"

அன்று அடி விழவில்லை. அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

திட்டம் இதுதான். உறிஞ்சும் பம்பால் சுழலும் இரண்டு பழைய டயல்களும் பம்பும் போகும், அந்த இடத்தில் இரண்டு சின்னத் திரைகள் வரும். புது ரேடியோ ஒன்றும் வரும். இதெல்லாம் எனக்குச் சம்மதம். இன்ஜினியர் இன்னொரு டயலையும் கழற்ற வேண்டும் என்றார். விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் டயல். அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. பறக்கும்போது நான் பார்க்கிற ஒரே டயல் அது. முள் மேலே நின்றால் மேலே போகிறேன். நாலாம் வகுப்புக்கு அது போதும்.

"அது திரையிலயே வருதுங்க அண்ணாச்சி."

"திரையில சினிமாவுந்தான் வருது."

ஒரு நாள் நான் வருவதற்குள் அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார். பலகையில் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் அவர் காலரைப் பிடித்தேன். அவரும் சோப்ளாங்கி இல்லை. நெற்றியால் என் வாயில் முட்டினார். முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. துப்பிவிட்டு, கழற்றி வைத்திருந்த பழைய பம்பை எடுத்து அவர் தோளில் இறக்கினேன். அவர் கருவிப்பெட்டியோடு சாய்ந்தார், ஸ்பானரெல்லாம் சிதறி உருண்டன. எழுந்தவர் என் வயிற்றில் தலையை விட்டு மோதி, என்னைச் சக்கரத்தில் சாத்தினார். இருவர் ரத்தமும் கொட்டகைத் தரையில் கலந்து கிடந்தது. கேப்டன் வாசலில் முக்காலியில் உட்கார்ந்து எலுமிச்சை டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஹோயே கேலோ?" என்றார். முடிந்ததா என்று கேட்கிறார்.

முடிந்தது. இன்ஜினியர் வீங்கிய கையோடு டயலைத் திரும்ப மாட்டினார். என்னிடம் வேலை செய்தவர்கள் எல்லோரிடமும் இப்படித்தான் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. அன்று மதியம் இருவரும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டோம். கறித்துண்டுகளை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். கடிக்க எனக்குப் பல் இல்லை.

வேலை முடிந்ததும் அவர் என்னை விமானத்தின் இடது பக்கத்துக்குக் கூட்டிப்போனார். உடம்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தட்டு, நடுவில் ஊசித் துளை.

"வெளிக்காத்து இதுல நுழைஞ்சுதாங்க வேகம், உயரம், ஏத்த இறக்கம் மூணும் வேலை செய்யுது. பழைய டயலு, புதுத் திரை எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் மூக்கு. குழாயெல்லாம் ஊதிப் பாத்துட்டேன், ஒழுகல் இல்லை. செயற்கைக்கோளைப் பாத்து வேகம் சொல்ற ஆண்டெனா மட்டும் இன்னும் வந்து சேரலீங்க. வந்தா மாட்டிக்கலாம்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் விஸ்வகர்மா பூஜை.

இந்த ஊரில் அன்று எல்லாப் பட்டறையிலும் இயந்திரத்துக்குப் பூஜை. மொட்டை மாடி எல்லாவற்றிலும் பட்டம். கண்ணாடித்தூள் பூசிய நூலால் அடுத்தவன் பட்டத்தை அறுத்துவிட்டு, "போக்காட்டா!" என்று தெருவே அலறும். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பூஜையைத் தானே செய்வதாக வந்துவிட்டார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தா, தமிழை விட வங்காளம் சுத்தமாக வரும். பக்தி மட்டும் அப்படியே தஞ்சாவூர். கட்டிச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூக்கு முதல் வால் வரை இரண்டு பக்கமும் வரிசையாகப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் இட்டார். வெயிலில் அது சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது.

"எப்டி இருக்கு மாப்ளே? எல்லாம் பாலோ, பேஷ். அம்பாள் மாதிரி இருக்கா பாருங்கோ."

"கிளம்புவோம் கேப்டன்," என்றேன்.

கேப்டன் தலையை ஆட்டினார். "ஆஜ் நா, தாதா. இன்னிக்கு இயந்திரத்தைத் தொடக் கூடாது. அதுக்கும் ஓய்வு. மேலே பாருங்க, வானம் பூரா பட்டம்."

"எங்க ஊர்ல பூஜை போட்ட வண்டிய எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டாம விடமாட்டோம். ஒரு சுத்து. பயமா இருந்தா சொல்லும், வேற கேப்டனைப் பாத்துக்கிடுதேன்."

அவர் முகம் கறுத்தது. எழுந்து விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய், பெட்ரோல், சக்கரம், இறக்கை. பொட்டு வரிசையைப் பார்த்தபோது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமிக்கு இட்ட பொட்டை யார் சுரண்டுவார்கள்? இன்ஜினியர் பக்கத்துக் கொட்டகைப் பூஜையில் கிச்சடி சாப்பிடப் போயிருந்தார்.

மச்சான் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

தரையில் ஓடும்போது வேக முள் ஒழுங்காக ஏறியது. எழும்பினோம். கூரைகள் கீழே போயின. நான் என் டயலைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. உயரம் காட்டும் முள்ளும் அசையவில்லை. வேக முள் மட்டும் சரசரவென்று கீழே விழுந்தது. திரையைப் பார்த்தால் அதிலும் அதே கதை. வேகம் செத்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது, விமானம் கல்லாக விழும். அந்த அளவு எனக்கும் தெரியும்.

கேப்டன் மூக்கைக் கீழே அமுக்கினார். கூரைகள் எழும்பி வந்தன, முள் உயிர் பெற்றது. மேலே இழுத்தார். முள் செத்தது. திரும்ப அமுக்கினார். ஏறினால் சாகிறது, இறங்கினால் பிழைக்கிறது. இப்படிப் பெஹாலா மொட்டை மாடிகளின் தலையை உரசிக்கொண்டு எங்களைக் கொண்டுபோனார். எதிரே மழை மேகம் சுவர் மாதிரி நின்றது.

"எஞ்சின் நல்லாத்தான் கத்துது கேப்டன்! வேகம் இருக்கு! தூக்கும்!"

"முள் இல்லேங்குது!"

"முள்ளு கெடக்குது!"

"நாற்பது வருஷம் முள்ளைப் பார்த்துத்தான் உயிரோட இருக்கேன்! வாயை மூடுங்க!"

சிவப்புப் பட்டம் ஒன்று முன்கண்ணாடியில் அறைந்து கிழிந்தது. நூல் இறக்கைத் தாங்கியில் சிக்கி, ரம்பம் அறுப்பது போல் சத்தம் போட்டது. ஒரு மாடியில் நின்றவர்கள் அப்படியே குப்புற விழுந்தார்கள். ஒரு பெண்ணின் திறந்த வாய் கூட எனக்குத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி ஒன்று நேராக எங்களைப் பார்த்து வந்தது. கேப்டன் சாய்த்தார். என் தலை கதவில் மோதிப் புடைத்தது. எதிரே மொபைல் கோபுரம். அதைத் தாண்ட வேண்டுமானால் ஏற வேண்டும். ஏற அவர் கை வரவில்லை.

நான் அவர் தோளில் குத்தினேன். வேண்டுமென்றுதான் குத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு மூன்று முள்ளையும் சேர்த்துப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அலறினார்.

"துளை! துளை அடைச்சிருக்கு! காச் பாங்குன், தாதா! கண்ணாடியை உடைங்க! உங்க டயல், உங்க டயல்!"

அந்த டயலின் கண்ணாடிக்குப் பின்னால் வருவதும் அதே காற்றுக்குழாய்தான். தரைக் காற்று அதற்குள் அடைபட்டுக் கிடந்ததால்தான் ஏறும்போதெல்லாம் வேக முள் செத்தது. கண்ணாடி உடைந்தால் நாங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் காற்று அதற்குள் நுழையும், எல்லா முள்ளும் மூச்சுவிடும். இதற்கென்றே தனிக் குமிழ் வைத்த விமானங்கள் உண்டு. எங்கள் கிழத்தில் இல்லை.

முஷ்டியால் குத்தினேன். மோதிரம் நசுங்கி விரலுக்குள் இறங்கியது, கண்ணாடி அசையவில்லை. காலடியில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரைப் பிடுங்கி அதன் அடிப்பாகத்தால் இடித்தேன். விரிசல் விட்டது. பட்டறையில் வாங்கிய அடி, கொடுத்த அடி எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு இடி. கண்ணாடி வெடித்து மடியிலும் கையிலும் இறங்கியது. என் டயலின் முள் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. உயர முள் எழுந்தது. வேக முள் ஒரே தாவலில் மேலே போய் நின்றது. வேகம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது, தேவைக்கு மேல்.

கேப்டன் ஸ்டீயரிங்கை வயிற்றோடு சேர்த்து இழுத்தார். கோபுரத்தின் உச்சி எங்கள் சக்கரத்துக்குக் கீழே போயிற்று. அவர் அழுதுகொண்டே ஓட்டினார், என் ரத்தம் புதுத் திரையில் வழிந்தது. திடலுக்குத் திரும்பி விழுந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். குதித்து, இழுத்து, ஒரு டயர் வெடித்து, புல்லில் போய் நின்றோம்.

கேப்டன் இறங்கி நேராக இடது பக்கம் போனார். பொட்டு வரிசையில் ஒன்றை நகத்தால் சுரண்டினார். சந்தனம் செதிலாகப் பெயர்ந்தது. அடியில் ஊசித் துளை.

மச்சான் பிரசாதத் தட்டோடு ஓடி வந்தார். கிச்சடிக் கையோடு இன்ஜினியரும் பின்னால் வந்தார்.

"பாத்தேளா மாப்ளே! அம்பாள் காப்பாத்திட்டா! நான் வச்ச பொட்டுதான்..."

தட்டை உதைத்தேன். அது பறந்துபோய் இறக்கையில் மோதிக் கணகணவென்று உருண்டது. கண்ணாடித்துண்டு குத்தியிருந்த கையாலேயே மச்சானை அறைந்தேன். விழுந்தார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து திரும்பத் திரும்ப அறைந்தேன்.

"மூக்கை அடச்சிட்டியே! மூக்கை அடச்சிட்டு அம்பாளுங்கியே!"

"ஐயோ, எந்த மூக்கு மாப்ளே? எனக்கு என்ன தெரியும்? விடுங்கோ, உங்க ரத்தம் வாயில போறது!"

"அண்ணாச்சி, விடுங்க, செத்துருவாருங்க!" என்று இன்ஜினியர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் அவருக்கும் ஒன்று விட்டேன்.

அப்போது கேப்டன் வந்தார். என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைத்ததில்லை. கன்னத்தில் ஒன்று விட்டார். காது அடைத்துப்போயிற்று.

"இன்னிக்கு வேண்டாம்னேன். பயமான்னு கேட்டீங்க. ஆமா, பயம். இனிமே உங்க விமானத்துல ஏறமாட்டேன்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே காரை அனுப்பினேன். ஏறவில்லை. பட்டம் அறுந்து விழுந்துகொண்டிருந்த தெருவில் நடந்தே போனார் என்று டிரைவர் வந்து சொன்னான்.

விமானம் இப்போது நன்றாக இருக்கிறது, ஓட்ட ஆள்தான் இல்லை. எத்தனையோ பேர் வந்து கேட்கிறார்கள், எவனையும் பிடிக்கவில்லை. ஹவுராவிலும் கொல்கத்தாவிலும் என் மேல் கை வைத்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் திரும்ப வாங்கிக்கொண்டுதான் போனார்கள். என்னை அறைந்துவிட்டு வீட்டுக்கு நடந்துபோன ஒரே ஆள் அவர்தான்.